பரோலோவா, பார்பெராவா? பியெமோந்தே உணவு மேசைக்கு ஒயின் தேர்ந்தெடுத்தல்

இத்தாலியின் வடமேற்கில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் அமைந்துள்ள பியெமோந்தே மாநிலத்துக்குச் சென்று, ஆல்பா நகரைச் சுற்றியுள்ள லாங்கே குன்றுகளில் ஓர் உணவகத்தில் அமர்பவருக்கு உணவைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய சிரமம் இராது. பட்டியல் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். தொடக்கத்தில் கத்தியால் பொடியாகக் கொத்திய பச்சை மாட்டிறைச்சியும், சூரை மீன் கலவை பூசிய குளிர்ந்த கன்றிறைச்சியும் வரும். அடுத்துத் தயாரின் அல்லது பிளின் என்னும் பாஸ்தா. பிறகு ஒயினில் மெல்ல வெந்த மாட்டிறைச்சி. முடிவில் பாலாடைக்கட்டியும் இனிப்பும். திணறல் தொடங்குவது ஒயின் பட்டியலைப் புரட்டும்போதுதான். "உள்ளூர் உணவுக்கு உள்ளூர் ஒயின்" என்ற பழைய அறிவுரை இத்தாலியின் பல ஊர்களில் போதுமானதாக இருந்தாலும் இங்கே பாதி வழியில் கைவிட்டுவிடுகிறது. ஏனெனில் பரோலோ, பார்பரெஸ்கோ, பார்பெரா, தொல்செத்தோ, ஆர்னெய்ஸ், மொஸ்காத்தோ ஆகிய அனைத்துமே உள்ளூர் ஒயின்கள்தாம், அவை ஒன்றுக்கொன்று முரணான குணம் உடையவையும்கூட.

பெரும்பாலான பயணிகள் இந்தத் திணறலைப் புகழை வைத்துத் தீர்த்துக்கொள்கிறார்கள். ஒயின்களின் அரசன் என்று போற்றப்படும் பரோலோவில் ஒரு புட்டி வரவழைத்து, முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டுவரை அதையே பருகுகிறார்கள். என் கணிப்பில், கையில் உள்ள வாய்ப்புகளிலேயே விலை மிகுந்ததும் பொருத்தம் குறைந்ததும் இதுதான். மேசை முழுவதற்கும் ஒரே புட்டிதான் என்றால் அது ஓக் மரப்பீப்பாயின் மணம் ஏறாத பார்பெராவாக இருக்க வேண்டும். பரோலோவைக் குறிப்பிட்ட இரண்டு மூன்று உணவுகளுக்கு மட்டும் ஒதுக்கிவைப்பதே அந்த ஒயினுக்கும் மரியாதை.

இந்த முடிவுக்கான காரணங்கள் திராட்சைகளின் இயல்பிலேயே இருக்கின்றன. பரோலோவும் பார்பரெஸ்கோவும் நெபியோலோ என்ற ஒரே திராட்சையிலிருந்து வருபவை. அந்தத் திராட்சை பெரும்பாலும் அக்டோபரில்தான் அறுவடைக்கு வருகிறது. குன்றுகளில் தெற்கு நோக்கிய, வெயில் நன்றாக விழும் சரிவுகளை அதற்கென்றே விட்டுவைக்கிறார்கள். நிறம் வெளிறியிருந்தாலும் அதன் துவர்ப்பும் புளிப்பும் ஒருசேர மிகுந்தவை. பரோலோ என்ற பெயரைத் தாங்க வேண்டுமானால் வரையறுக்கப்பட்ட 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்து, அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் குறைந்தது 38 மாதங்கள், அவற்றில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில், முதிர்ந்திருக்க வேண்டும். பார்பரெஸ்கோவுக்கு அந்தக் கணக்கு 26 மாதங்களும் 9 மாதங்களும் ஆகும். இரண்டுக்கும் 1980இல் இத்தாலியின் உச்சத் தரச்சான்றான டி.ஓ.சி.ஜி. கிடைத்தது.

பெயர் ஒலியால் பலரும் பார்பரெஸ்கோவையும் பார்பெராவையும் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னது ஓர் ஊர். பின்னது ஒரு திராட்சை. பார்பெராவின் நிறம் கருஞ்சிவப்பு, புளிப்பு மிக அதிகம், துவர்ப்போ மிகக் குறைவு. தொல்செத்தோ இதற்கு நேர் எதிரானது. அதில் புளிப்பு தணிந்தும் துவர்ப்பு மிதமாகவும் இருக்கும், விழுங்கிய பிறகு பாதாம் தோலைப் போன்ற இலேசான கசப்பு நாவில் தங்கும். இது சீக்கிரம் பழுப்பதால் நெபியோலோவுக்கு உதவாத, உயரமான, குளிர்ந்த நிலங்களில் நட்டார்கள். இளமையிலேயே குடித்துத் தீர்ப்பதற்கான ஒயின் இது. தனாரோ ஆற்றின் மறுகரையிலுள்ள ரொவேரோவின் மணற்பாங்கான மண்ணில் விளையும் ஆர்னெய்ஸ் வெள்ளை ஒயின், ஒரு காலத்தில் அழிவின் விளிம்புக்குப் போய், 1960களின் பிற்பகுதியிலிருந்து சில உற்பத்தியாளர்களின் முயற்சியால் மீண்டது.

துவர்ப்புக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை அறிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். சிவப்பு ஒயினுக்குத் துவர்ப்பைத் தரும் டானின் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொண்டு வாயை உலரச் செய்கிறது. புரதமும் கொழுப்பும் மிகுந்த, நன்கு வெந்த இறைச்சி வாயில் இருக்கும்போது அந்த டானினில் ஒரு பகுதி இறைச்சியோடு பிணைந்து, ஒயின் மென்மையாகத் தோன்றும். அத்தகைய உணவு இல்லாத இடத்தில் துவர்ப்பு முழுவதும் நாக்கின் மேல்தான் இறங்கும்.

இப்போது முதல் தட்டுக்கு வருவோம். கார்னே க்ரூதா எனப்படும் பச்சை இறைச்சி, இம்மாநிலத்துக்கே உரிய பியெமோந்தேசே மாட்டினத்தின் இறைச்சியால் செய்யப்படுவது. அந்த இனத்தின் மரபணு இயல்பால் தசை மிகுந்தும் கொழுப்பு மிகக் குறைந்தும் இருக்கும். உப்பு, ஆலிவ் எண்ணெய், மிளகுத்தூள், சில வீடுகளில் எலுமிச்சைச் சாறு ஆகியவை தவிர அதில் வேறொன்றும் சேர்வதில்லை. கொழுப்பற்ற இந்த இறைச்சியோடு இளம் பரோலோவைக் குடிப்பவருக்கு இறைச்சியின் இனிமை தெரியாது, துவர்ப்பு மட்டுமே தெரியும். எலுமிச்சை சேராத தட்டுக்குத் தொல்செத்தோவே சரியான துணை. எலுமிச்சை தாராளமாகப் பிழியப்பட்டிருந்தால், புளிப்புக் குறைந்த தொல்செத்தோ சப்பென்று ஆகிவிடுவதால், பார்பெராவுக்கு மாறுவது நல்லது. ஒரே உணவுக்கு ஒரு துளிச் சாறு ஒயினை மாற்றுகிறது என்பதை அலட்டலாக நினைப்பவர்கள் இரண்டு கோப்பைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

வித்தெல்லோ தொன்னாத்தோ இன்னும் கடினமான சோதனை. வேகவைத்து ஆறவைத்து மெல்லிதாகச் சீவிய கன்றிறைச்சியின் மேல் சூரை மீன், உப்பிட்ட நெத்திலி, கேப்பர் மொட்டு, முட்டை மஞ்சள் கரு ஆகியவற்றை அரைத்துப் பூசுவார்கள். இறைச்சி என்று பெயர் இருப்பதால் சிவப்பு ஒயினைத் தேடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். வாயில் முன்னிற்பது மீன். சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச் சத்து மீன் கொழுப்பின் சிதைவைத் தூண்டி வாயில் கவிச்சை நாற்றத்தை எழுப்புகிறது என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ஆகவே இங்கே ஆர்னெய்ஸ்தான் முதல் தேர்வு. கொண்டாட்ட மேசையாக இருந்தால், ஷாம்பெயின் முறைப்படி புட்டியிலேயே நுரைக்கவைக்கும் ஆல்த்தா லாங்கா அதைவிடவும் பொருந்தும். சிவப்புதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு, சற்றுக் குளிரவைத்த இளம் பார்பெரா கெடுதல் குறைந்த வழி.

மீனும் சிவப்பு ஒயினும் சேரா என்ற விதியைப் பியெமோந்தே தன் மிகப் பிரியமான உணவிலேயே மீறுகிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பான்யா காவ்தா இலையுதிர் காலத்தில், திராட்சை அறுவடை முடிந்த பிறகு, உழைத்தவர்கள் கூடி உண்ட உணவு. ஆளுக்கு ஒரு முழுப் பூண்டு என்பது பழைய அளவு. அந்தப் பூண்டுப் பற்களையும் உப்பிட்ட நெத்திலியையும் ஆலிவ் எண்ணெயில் மிக மெதுவான தீயில், வறுபடாமல், கரைந்து கூழாகும்வரை வைத்திருப்பார்கள். கடலில்லாத இந்த மாநிலத்துக்கு நெத்திலியும் எண்ணெயும் மலைகளைக் கடந்து லிகுரியாக் கடற்கரையிலிருந்து உப்பு வணிகத்தோடு வந்து சேர்ந்தவை. அடியில் சிறு மெழுகுவத்தி எரியும் மண்கலத்தை ஒவ்வொருவர் முன்னும் வைத்து, குடைமிளகாய், முட்டைக்கோஸ், நீசா மொன்ஃபெர்ராத்தோவில் மண்ணுக்குள் வளைத்து வெளுக்கவைத்து வளர்க்கும் கார்தோ தண்டு ஆகியவற்றைச் சூடான எண்ணெயில் தோய்த்து உண்பார்கள். கலத்தில் சிறிது மிஞ்சும்போது அதிலேயே ஒரு முட்டையை உடைத்துக் கிளறித் துடைத்துவிடுவதுதான் முடிவு.

இந்தக் கலத்தின் முன் எந்த ஒயின்? பூண்டு, உப்பு, மீன், எண்ணெய் ஆகிய நான்கும் முழு வேகத்தில் இருக்கும்போது பரோலோவின் ரோஜா மணமும் பீப்பாயில் கழித்த மாதங்களும் வீண். அதன் துவர்ப்பு பூண்டின் காரத்தோடு சேர்ந்து கசப்பாகவே முடியும். தொல்செத்தோவைப் பரிந்துரைக்கும் வீடுகள் உண்டு என்றாலும் எனக்கு அதில் உடன்பாடு குறைவு. கார்தோவின் கசப்பும் தொல்செத்தோவின் கசப்பும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகின்றன, எண்ணெய்ப் பிசுக்கை வெட்டுவதற்குப் போதிய புளிப்பும் அதில் இல்லை. ஆர்னெய்ஸ் குறையற்றது, ஆனால் இந்த முரட்டு உணவின் முன் குரல் எழாமல் நிற்கும். இளம் பார்பெராவே இங்கே தெளிவாக வெல்கிறது: துவர்ப்பு இல்லாததால் மீனோடு மோதுவதில்லை, புளிப்பு ஒவ்வொரு மிடறிலும் வாயைக் கழுவிவிடுகிறது, விலையும் பத்துப் பேர் கூடிக் குடிக்கத் தடையாக இராது. புட்டியின் முகப்பில், பீப்பாயில் முதிரவைத்த உயர்தரப் பார்பெராவைக் குறிக்கும் நீசா என்றோ, மரப்பீப்பாயில் முதிர்ந்தது என்றோ எழுதியிருந்தால் மட்டும் அதை வேறொரு நாளுக்கு எடுத்துவைக்க வேண்டும். ஓக் மணமும் நெத்திலியும் சேர்ந்தால் சகிக்காது.

பாஸ்தாவில் தேர்வை நிர்ணயிப்பது மேலே ஊற்றும் குழம்பேயன்றி மாவு அன்று. தயாரின் என்பது ஒரு கிலோ மாவுக்கு 30, சில சமையலறைகளில் 40 முட்டை மஞ்சள் கருக்கள்வரை சேர்த்துப் பிசைந்து, கத்தியால் நூல்போல் நறுக்கிய பாஸ்தா. இறைச்சிக் குழம்போ கோழி ஈரல் குழம்போ சேர்ந்தால் ஆல்பா பார்பெராவும் தொல்செத்தோவும் சமபலத்தில் நிற்கும். எதைத் தேர்ந்தாலும் பிழையில்லை. வெண்ணெயில் புரட்டி, வெள்ளை டிரஃபிள் என்னும் நிலத்தடிக் காளானைச் சீவினால் நிலைமை அடியோடு மாறுகிறது. ஆல்பாவின் வெள்ளை டிரஃபிளின் மணம் கந்தகம் கலந்த, எளிதில் ஆவியாகும் சேர்மங்களால் ஆனது. அதனால்தான் அதைச் சமைக்காமல், சூடான உணவின் மேல் மேசையிலேயே சீவுகிறார்கள். அந்த மணத்தோடு போட்டியிடாமல் ஒத்துப்போவது, பழத்தின் துள்ளல் அடங்கி, உலர்ந்த இலை, ஈரமண், காளான் போன்ற மணங்களை எட்டிய முதிர்ந்த நெபியோலோ மட்டுமே. வெண்ணெயும் மஞ்சள் கருவும் நாக்கில் படர்ந்து, மிச்சத் துவர்ப்பையும் தணித்துவிடும். பரோலோவைவிடப் பார்பரெஸ்கோ இங்கே ஒரு படி மேல் என்பது என் எண்ணம்; எட்டுப் பத்து ஆண்டு வயதுடைய பார்பரெஸ்கோ பாஸ்தாவின் மென்மையை நசுக்குவதில்லை. பார்பெராவின் புளிப்பும் பழ மணமும் டிரஃபிளை மூடிவிடும் என்பதால் இந்த ஒரு தட்டில் அது தோற்கிறது. விலையுயர்ந்த டிரஃபிளுக்குப் பணம் கொடுத்தவர் ஒயினில் சிக்கனம் பார்ப்பது பொருந்தாது.

பிளின், விரல் நகம் அளவேயான சிறு பொட்டலம். வறுத்த இறைச்சியையும் கீரையையும் அரைத்த பூரணத்தை மெல்லிய மாவில் வரிசையாக வைத்து, மாவை மடித்து, ஒவ்வொரு உருண்டைக்கும் இடையே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி, உருளும் பற்சக்கரத்தால் வெட்டுவார்கள். கிள்ளிய இடத்தில் உருவாகும் மடிப்பே குழம்பைத் தாங்கும் குழி. வறுத்த இறைச்சியின் சாற்றோடு வந்தால், நெபியோலோவின் எளிய ஒயினான லாங்கே நெபியோலோ. வெண்ணெயும் சேஜ் இலையும் மட்டும் என்றால் தொல்செத்தோ. வெறும் துணியில் சுற்றி, எதுவும் ஊற்றாமல் பரிமாறும் பழைய வழக்கத்துக்கும் தொல்செத்தோவே போதும்.

பரோலோவுக்கு உரிய நேரம் பிரசாத்தோவோடு வருகிறது. கழுத்து, தோள் போன்ற உழைத்த தசைத் துண்டை வெங்காயம், காரட், செலரி, பட்டை, கிராம்பு ஆகியவற்றோடு ஓரிரவு ஒயினில் ஊறவைத்து, மறுநாள் மூடிய பாத்திரத்தில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் வேகவிடும்போது, தசையைப் பிணைக்கும் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகி, குழம்பு உதடுகளில் ஒட்டும் பதத்துக்கு வருகிறது. நெபியோலோவின் துவர்ப்பு தேடுவது இதைத்தான். இங்கே பார்பெரா மெலிந்து தெரியும், தொல்செத்தோ காணாமல் போகும், பரோலோ தன் முழு உயரத்தில் நிற்கும். பாத்திரத்தில் ஊற்றவும் பரோலோவேதான் வேண்டுமா என்பது அங்கே ஓயாத வாதம். மரபுவாதிகள் வேண்டும் என்பார்கள்; "பிரசாத்தோ அல் பரோலோ" என்ற உணவின் பெயரும் அவர்கள் பக்கமே. ஆனால் பீப்பாயிலும் புட்டியிலும் ஆண்டுக்கணக்கில் உருவான நுண்மணங்கள் கொதியில் நிற்பதில்லை. பார்பெராவை ஊற்றினால் சுண்டச் சுண்டப் புளிப்பு கூடிவிடும். எனவே பாத்திரத்துக்கு அதே திராட்சையின் எளிய வடிவமான லாங்கே நெபியோலோ, கோப்பைக்குப் பரோலோ என்று பிரித்துக்கொள்வதே வீட்டுச் சமையலுக்கு நியாயமான ஏற்பாடு.

அதே மாட்டிறைச்சியை வெந்நீரில் அவித்துப் பரிமாறும் போல்லித்தோ மிஸ்தோவுக்கு இந்தக் கணக்கு செல்லாது. பார்ஸ்லி, பூண்டு, நெத்திலி, காடி சேர்த்தரைத்த பச்சைத் துவையல் அதன் உயிர். காடி எந்தப் பெரிய ஒயினையும் சாய்த்துவிடும். 1910 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும் கொழுத்த காளைகளின் சந்தை கூடும் கர்ரூ, தொல்செத்தோவுக்குப் பெயர்போன தொலியானியின் அண்டை ஊர் என்பது இங்கே நினைவில் கொள்ளத் தக்கது. துவையலைக் குறைவாகத் தொட்டுக்கொள்பவர் தொலியானியின் தொல்செத்தோவையும், தாராளமாகத் தொட்டுக்கொள்பவர் பார்பெராவையும் வரவழைக்கலாம்.

இந்தத் தட்டுகளை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால், பார்பெரா டிரஃபிளில் மட்டும் தோற்று, பிரசாத்தோவில் சற்றுப் பின்தங்கி, மற்ற எல்லா இடங்களிலும் முதலிடத்திலோ அதற்கு அருகிலோ நிற்கிறது. பரோலோ முதலிடம் பெறுவது பிரசாத்தோவிலும், முதிர்ந்த பாலாடைக்கட்டியிலும் மட்டுமே. அப்படியிருந்தும் பார்பெராவுக்கு மதிப்பு குறைந்து போனதற்குச் சுவை காரணம் இல்லை. நெடுங்காலம் அது சமவெளிகளில் மிகையாக விளைவிக்கப்பட்டு, குடங்களில் விற்ற மலிவு ஒயினாகவே இருந்தது. 1986இல் மெத்தனால் கலந்த மலிவு ஒயினால் இத்தாலியில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, அந்தப் புட்டிகளில் பார்பெரா என்ற பெயரும் இருந்தது அதன் பெயரை மேலும் கெடுத்தது. ரொக்கெத்தா தனாரோவைச் சேர்ந்த ஜாகொமோ பொலோன்யா, 1982 அறுவடையிலிருந்து பார்பெராவைச் சிறிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்களில் முதிரவைத்து, இந்தத் திராட்சையாலும் பெரிய ஒயின் தர முடியும் என்று காட்டியது திருப்புமுனை. ஆஸ்தி பார்பெராவுக்கு 2008இலும் நீசாவுக்கு 2014இலும் உச்சத் தரச்சான்று கிடைத்தது. ஆனால் உணவு மேசைக்கென்று வாங்குபவருக்கு அந்தப் பீப்பாய்ப் பார்பெரா பயன்படும் இடங்கள் குறைவு. வறுத்த இறைச்சிக்கு அது அருமை, மற்றவற்றுக்கு எஃகுத் தொட்டியில் வளர்ந்த எளிய பார்பெராவே நம்பகமானது.

இரண்டு புட்டிகளுக்கு இடமிருந்தால் ஆர்னெய்ஸில் தொடங்கி நெபியோலோவில் முடிப்பது பலரும் செல்லும் வழி. நால்வர் அமர்ந்து, தொடக்கத் தட்டுகளில் மீன் இருந்து, முடிவில் பிரசாத்தோ வருமானால் அது சரியானது. மீன் இல்லை, டிரஃபிளும் இல்லை என்றால் பார்பெராவோடு தொடங்கி, அதையே பாஸ்தாவரை நீட்டி, கடைசித் தட்டுக்கு மட்டும் நெபியோலோவைத் திறக்கலாம்.

அந்த நெபியோலோ எது என்பதில் பணம் குறுக்கே வருகிறது. ஐந்து ஆண்டுகூட ஆகாத பரோலோவை உணவகத்தில் திறப்பது பெரும்பாலும் வீண்செலவு. குறிப்பாகச் செர்ராலுங்கா, மொன்ஃபோர்த்தே ஊர்களின் ஒயின்கள் இறுக்கம் தளர நீண்ட காலம் எடுத்துக்கொள்பவை, லா மொர்ராவின் ஒயின்கள் சற்று முன்னதாகவே இளகுபவை. பட்டியலில் பழைய ஆண்டுகள் இல்லையென்றால் இளம் பரோலோவைவிட அதே ஆண்டின் பார்பரெஸ்கோவை நாடலாம்; 1958இல் ஓர் ஊர்ப் பாதிரியாரின் முனைப்பில் 19 விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய பார்பரெஸ்கோ கூட்டுறவு நிறுவனத்தின் அடிப்படை ஒயின், தரத்துக்கும் விலைக்கும் இடையே எளிதில் கிடைக்காத சமநிலையைத் தருகிறது. அதற்கும் கை நீளாதபோது லாங்கே நெபியோலோ. இவற்றை 16 முதல் 18 பாகை செல்சியஸுக்குள் பரிமாற வேண்டும். அறை வெப்பத்தில் பருகுக என்ற பழைய குறிப்பு கல்சுவர் வீடுகளின் காலத்தது, கோடையில் அப்படியே பின்பற்றினால் சாராய நெடி மட்டுமே மேலெழும்.

பாலாடைக்கட்டிக்கு நீண்ட ஆலோசனை தேவையில்லை. முதிர்ந்த காஸ்தெல்மாஞோவுக்குக் கோப்பையில் மிஞ்சிய பரோலோ. ஆட்டுப்பாலில் செய்த புதிய ரொபியோலாவுக்கு முதலில் திறந்த ஆர்னெய்ஸில் மிச்சம் இருந்தால் அது. இனிப்பில் மட்டும் ஒரு பிரிவினை உண்டு. லாங்கேயின் ஹேசல்நட் பருப்பில் செய்த கேக்குக்கு, சாராயம் 4.5 முதல் 6.5 விழுக்காட்டுக்குள் அடங்கும், இலேசாக நுரைக்கும் மொஸ்காத்தோ தாஸ்தியைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் கொக்கோவும் ரம்மும் சேர்ந்த பொனெத்துக்கு அதே மொஸ்காத்தோவை ஊற்றினால் கொக்கோவின் கசப்பில் ஒயின் தண்ணீராகிவிடும்; அதற்குச் சிங்கோனா மரப்பட்டையும் நறுமணப் பொருள்களும் ஊறிய பரோலோ கினாத்தோவில் ஒரு சிறு கோப்பை போதும். மொஸ்காத்தோவை வாங்கும்போது ஆண்டைப் பார்த்து, கடையில் இருப்பவற்றில் மிகப் புதியதையே எடுக்க வேண்டும். பரோலோவுக்கு நன்மை செய்யும் காத்திருப்பு மொஸ்காத்தோவின் மணத்தைக் கொன்றுவிடும்.